காதும் நாவும்: யாரிடம் காட்டுவது?



நம் பிள்ளைகளில் சிலரை நாம் என்னென்ன பெயர் வைத்து அழைக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால் மனம் கூசும். செவிடன், ஊமை, திக்குவாயன், மக்கு. லயத்து வீட்டு வாசலில் விளையாட்டாகப் பிறக்கும் இந்தப் பெயர்கள் பள்ளிக்கூடம் வரை பிள்ளையோடு நடந்து வந்துவிடுகின்றன. அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது காதில் தேங்கிய நீரா, நரம்பின் குறையா, நாவின் பழக்கமா என்று கண்டு சொல்லக்கூடியவர் யார்? அவர் என்ன படித்திருக்க வேண்டும்? பிள்ளையின் காதிலும் வாயிலும் கை வைக்க அவருக்கு அனுமதி கொடுப்பது யார்? இன்றைய உரையில் இவற்றைப் பற்றிப் பேசுவோம்.

முதலில் வகுப்பறைக்குள் போய்ப் பார்ப்போம். முதலாம் ஆண்டில் ஒரு பையன். "புத்தகத்தை எடுங்கள்" என்றால் உடனே எடுக்க மாட்டான். பக்கத்துப் பிள்ளை எடுப்பதைப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பான். நாம் கரும்பலகைப் பக்கம் திரும்பிக் கொண்டு பேசினால் அவனுக்கு ஒன்றும் புரியாது. முகத்தைப் பார்த்துப் பேசினால் பாதி புரியும். சொல்வதெழுதுதலில் காசு, காது, காடு என்ற மூன்று சொற்களுக்கும் ஒரே சொல்லையே எழுதி வைப்பான். இவனைக் கவனக் குறைவானவன் என்றோ சோம்பேறி என்றோ எழுதிவிடுவது எளிது. தாயாரை அழைத்துப் பேசினால், "காது நல்லாத்தான் கேக்குது சார். கோயில்ல மேளம் அடிச்சா மொதல்ல ஓடுறவன் இவன்தான்" என்பார். தாயார் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் அதில் இல்லை.

செவிப்புலன் என்பது விளக்கைப் போல எரியும் அல்லது அணையும் ஒன்றல்ல. ஒலியை டெசிபல் என்ற கணக்கால் அளக்கிறார்கள். ரகசியம் பேசுவது சுமார் 30 டெசிபல். எதிரே நின்று சாதாரணமாகப் பேசுவது சுமார் 60. அருகில் நின்று கேட்டால் தவில் ஓசை 100-ஐத் தொடும். ஆகவே, பேச்சில் பாதியை இழந்துவிட்ட பிள்ளை கூட மேளத்துக்கும் இடிக்கும் திரும்பிப் பார்ப்பான். இது ஒன்று. இன்னொன்று, ஒலிகளில் தடித்தவையும் உண்டு, மெல்லியவையும் உண்டு. அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகள் தடித்தவை. சகரம் போன்ற ஒலிகள் காற்றுப் போல மெலிந்து உயர்ந்தவை. சில பிள்ளைகளுக்குத் தடித்த ஒலி நன்றாகக் கேட்கும். மெலிந்த ஒலி மட்டும் கேட்காது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வருவான். ஆனால் கூப்பிட்டுச் சொன்ன செய்தி அவனுக்கு ஓட்டை விழுந்த துணி போலத்தான் வந்து சேரும். காசும் காதும் காடும் அவனுக்கு ஒன்றாகிப் போனதன் காரணம் இதுவாக இருக்கலாம். கையைத் தட்டிப் பார்ப்பதாலும் தட்டை உருட்டிப் பார்ப்பதாலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது என்பதை நேயர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

குறை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக் கொள்வது சிறு பிள்ளைகளிடம் மிகச் சாதாரணம். சளி பிடிக்கும்போது வரும், போகும். சிலருக்கு மாதக் கணக்கில் தங்கிவிடும். வலி இருக்காது, சீழ் வராது, ஆனால் கேட்கும் திறன் மங்கிவிடும். இதற்கு மருத்துவம் உண்டு. சீழ் வடியும் காதுக்கும் மருத்துவம் உண்டு. ஆனால் நம்மிடையே இன்னமும் தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றுவதும் கோழி இறகால் குடைவதும் நின்றபாடில்லை. செவிப்பறையில் ஓட்டை இருக்கும்போது எண்ணெய் ஊற்றினால் அது உள்ளே இறங்கித் தொல்லையைக் கூட்டும். நரம்பில் உள்ள குறை வேறு வகை. தாய் கருவுற்றிருக்கும்போது ருபெல்லா என்ற அம்மை வந்திருந்தால், குழந்தை குறைமாதத்தில் பிறந்திருந்தால், பிறந்த சில நாட்களில் மஞ்சள் காமாலை கடுமையாக ஏறியிருந்தால், பின்னாளில் மூளைக் காய்ச்சல் வந்திருந்தால் காது நரம்பு பாதிக்கப்படக் கூடும். பரம்பரையாகவும் வரும். இது எண்ணெய்க்கும் கட்டுப்படாது, நேர்த்திக்கடனுக்கும் கட்டுப்படாது. நேர்த்திக்கடன் செய்ய வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சோதனைக்கும் கொண்டு போங்கள் என்கிறோம்.

பேச்சு விஷயத்தில் அவசரமும் கூடாது, அசட்டையும் கூடாது. ஒரு வயதையொட்டி முதல் சொல், இரண்டு வயதில் "அம்மா வா" என்பது போல இரண்டு சொல் சேர்த்துப் பேசுவது, மூன்று வயதில் வெளியாருக்கும் பெரும்பாலும் புரியும் பேச்சு என்பது பொதுவான கணக்கு. நான்கு வயதுப் பிள்ளை ராமுவை லாமு என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. ரகரம் நிதானமாக வரும் ஒலி. ஆனால் இரண்டரை வயதாகியும் சொல்லே இல்லாத பிள்ளையை, "அவன் அப்பனும் லேட்டாத்தான் பேசுனான்" என்று வீட்டில் வைத்துக் கொண்டிருப்பது தகாது. நாக்கின் அடியில் உள்ள நரம்பை வெட்டினால் பேச்சு வந்துவிடும் என்று சொல்வோரும் உண்டு. அந்தச் சவ்வு இறுக்கமாக இருந்தால் சில ஒலிகளில் தடுமாற்றம் வரலாமே தவிர, பிள்ளை பேசாமலே இருப்பதற்கு அது காரணம் ஆகாது.

சரி, யாரிடம் போவது? இங்கேதான் பெரும் குழப்பம். ஐந்து விதமான ஆட்கள் இருக்கிறார்கள். ஐவரையும் நம் மக்கள் 'டாக்டர்' என்ற ஒரே சொல்லால் அழைத்துவிடுகிறார்கள்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் நோயைப் பார்ப்பவர். மருந்து கொடுப்பார், அறுவை செய்வார். செவித்திறன் வல்லுநர் என்பவர் வேறு. மருத்துவமனைக் கதவில் 'ஆடியோலோஜி' என்று எழுதியிருக்கும். எந்த ஒலி எத்தனை டெசிபலில் கேட்கிறது என்று இரு காதுக்கும் தனித்தனியே அளந்து வரைபடம் போட்டுக் கொடுப்பவர் இவர். கைக்குழந்தையையும் இவரால் சோதிக்க முடியும். காதில் சிறு முனையை வைத்து உட்செவியிலிருந்து திரும்பி வரும் மெல்லிய ஒலியைப் பதிவு செய்வது ஒரு முறை. தூங்கும் குழந்தையின் தலையில் சிறு ஒட்டுகளை வைத்து, ஒலிக்கு நரம்பு காட்டும் பதிலைப் பார்ப்பது இன்னொரு முறை. குழந்தை வாய் திறந்து பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. காதுக் கருவி தேவையா, எந்த அளவில் தேவை என்று முடிவு செய்து பொருத்துபவரும் இவரே.

மூன்றாமவர் பேச்சு சிகிச்சையாளர். கதவில் 'தெராப்பி பெர்த்துத்துரான்' என்றிருக்கும். பேச்சு வராத பிள்ளை, திக்கும் பிள்ளை, அண்ணம் பிளந்து பிறந்த பிள்ளை, சொன்னது புரியாத பிள்ளை, இவர்களோடு பக்கவாதம் வந்து பேச்சிழந்த பாட்டியும் இவரிடம்தான் போக வேண்டும். இவர் ஊசி போட மாட்டார், மாத்திரை தர மாட்டார். விளையாட்டுப் பொருளை வைத்துக் கொண்டு பிள்ளையோடு தரையில் உட்கார்ந்திருப்பார். "மருந்து ஒண்ணும் தரல, சும்மா விளையாடி அனுப்பிட்டாங்க" என்று ஒரே தடவையோடு நின்றுவிட்ட குடும்பங்களை நாம் அறிவோம். அந்த விளையாட்டுத்தான் மருந்து.

நான்காமவர் காதுக் கருவி விற்பவர். ஐந்தாமவர் ஆசிரியர். ஆசிரியர்களாகிய எங்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பயிற்சிக் கல்லூரியில் எழுத்தும் எண்ணும் கற்பிக்கப் படித்தோம். செவியை அளக்கப் படிக்கவில்லை. சிறப்புக் கல்விக்கென்றே பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது அரிய பணி. என்றாலும் அவர்களும் சிகிச்சையாளர்கள் அல்லர். பிள்ளையிடம் ஒரு மாற்றத்தைக் கண்டு, குறித்து வைத்து, பெற்றோரிடம் சொல்வது வரைதான் ஆசிரியரின் எல்லை. "உங்கள் பிள்ளைக்கு இன்ன நோய்" என்று ஓர் ஆசிரியர் சொன்னால் அதை முடிவாக எடுத்துக் கொள்ளாதீர்கள்; "ஒன்றும் இல்லை" என்று சொன்னாலும் அப்படியே.

நம் நாட்டில் இந்தத் துறை வளர்ந்த கதை நீண்டதல்ல. காது கேளாத பிள்ளைகளுக்கான கூட்டரசுப் பள்ளி பினாங்கில் 1954-ஆம் ஆண்டு தொடங்கியது. ஆனால் செவித்திறனையும் பேச்சையும் ஆராய்ந்து சிகிச்சை தரும் வல்லுநர்களை நம் நாட்டிலேயே உருவாக்கும் பட்டப்படிப்பு மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் 1995-இல்தான் வந்தது. அதற்கு முன்பெல்லாம் வெளிநாடு சென்று படித்து வந்தால்தான் உண்டு. பின்னர் கிளந்தான் குபாங் கிரியானில் உள்ள அறிவியல் பல்கலைக்கழக வளாகத்திலும், குவாந்தானில் அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகத்திலும் இப்படிப்புகள் ஏற்பட்டன. நான்காண்டுப் படிப்பு. எஸ்.பி.எம். முடித்து உயர்நிலையில் அறிவியல் படிக்கும் நம் பிள்ளைகள் இப்படி ஒரு தொழில் இருப்பதையே அறியாமல் இருக்கிறார்கள் என்பது நமக்குள்ள தனி வருத்தம். அதை இன்னொரு நாள் பேசலாம்.

படித்தவர்கள் வந்த பிறகும், படிக்காதவர் அதே பலகையை மாட்டிக் கொள்வதைத் தடுக்கத் தனிச் சட்டம் இருக்கவில்லை. மருத்துவருக்குச் சட்டம் உண்டு, தாதியருக்கு உண்டு, இவர்களுக்கு இல்லை. இந்தக் குறையைப் போக்க 2016-இல் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம் இயற்றப்பட்டது. சட்ட எண் 774. அது 2020 ஜூலை 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. செவித்திறன் வல்லுநர், பேச்சு சிகிச்சையாளர் ஆகிய இரு தொழில்களும் அச்சட்டத்தின் பட்டியலில் உள்ளன. அங்கீகரிக்கப்பட்ட படிப்பை முடித்து, அச்சட்டத்தின்படி அமைந்த மன்றத்தில் பெயரைப் பதிவு செய்து, தொழில் நடத்தும் சான்றிதழும் பெற்றவரே இத்தொழிலைச் செய்யலாம். சான்றிதழை ஒருமுறை வாங்கிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டால் போதாது. காலம் முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும். அரசாங்கத்தில் வேலை செய்பவர், தனியாரிடம் வேலை செய்பவர் என்ற வேறுபாடு இதில் இல்லை. எனவே, பள்ளிக்கூடத்துக்கு வந்து பிள்ளைகளைப் பார்க்கும் சிகிச்சையாளருக்கும் இதே விதிதான்.

அமெரிக்காவில் இது வேறு மாதிரி வளர்ந்தது. அங்கே 1975-இல் வந்த ஒரு சட்டம், உடற்குறையோ கற்றல் குறையோ உள்ள பிள்ளைக்கு அரசுப் பள்ளியே இலவசமாகத் தகுந்த கல்வி தர வேண்டும் என்றது. பேச்சுப் பயிற்சியும் அதில் சேர்ந்தது. அதனால் பேச்சு சிகிச்சையாளர்களில் பெரும் பகுதியினர் பள்ளிகளிலேயே வேலை செய்கிறார்கள். அங்குள்ள சிக்கல் என்னவென்றால், மருத்துவமனையில் வேலை செய்ய ஒரு உரிமம், பள்ளியில் வேலை செய்யக் கல்வி இலாகாவின் வேறொரு சான்று என்று சில மாநிலங்களில் இரு வழிகள் உள்ளன. இரண்டுக்கும் ஒரே தகுதி வேண்டாமா என்ற வாதம் நீண்ட காலமாக உண்டு. நம் நாட்டில் சட்டம் ஒன்றே. ஆனால் பள்ளியில்தான் ஆள் இல்லை. கல்வியமைச்சின் சிறப்புக் கல்விச் சேவை மையங்களில் இவ்வல்லுநர்கள் இருக்கிறார்கள். ஒரு மையம் பல மாவட்டங்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது. மற்றபடி அரசாங்க மருத்துவமனைதான் நமக்கு வழி.

இந்தப் பதிவு, சான்றிதழ் என்பதெல்லாம் படித்தவர்களின் சம்பிரதாயம் என்று நினைத்துவிட வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கத்துத் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் இலவசக் காதுச் சோதனை என்று ஒருவர் வந்தார். வெள்ளைக் கோட்டு அணிந்திருந்தார். பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் மணியடித்தார், காதருகே விரலைச் சொடுக்கினார். ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை. எண்ணெய்ப்பனைக் குலை வெட்டும் தொழிலாளி ஒருவர், தம் மகனுக்காக 800 வெள்ளிக்கு ஒரு கருவியை வாங்கினார். முன்பணம் கொடுத்து, மீதியைத் தவணையில் கட்டினார். பையன் அதைப் போட்டுக் கொண்டு வகுப்புக்கு வந்தான். நாற்காலி இழுக்கும் சத்தத்துக்கெல்லாம் காதைப் பொத்திக் கொண்டு அழுதான். பிறகு ஆசிரியர்கள் வற்புறுத்தி அரசாங்க மருத்துவமனைக்கு அனுப்பினோம். அங்கே பார்த்தபோது இரு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர். சிறு அறுவை செய்து நுண்குழாய் வைத்தார்கள். பையன் இப்போது வகுப்பில் வாயாடி. அந்தக் கருவி அலமாரியில் கிடக்கிறது. தவணை மட்டும் கடைசி மாதம் வரை போய்க் கொண்டிருந்தது. வந்தவர் செவித்திறன் வல்லுநரே அல்லர், விற்பனையாளர். "உங்கள் பதிவு எண் என்ன?" என்று அந்த மண்டபத்தில் ஒருவர் கேட்டிருந்தால் 800 வெள்ளி தப்பியிருக்கும்.

கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். பெரிய படிப்புப் படித்தவரிடம் நம்மைப் போன்றவர்கள் இப்படிக் கேட்கலாமா என்று எண்ண வேண்டாம். முறையாகப் பதிவு பெற்றவர் கோபித்துக் கொள்ள மாட்டார், எடுத்துக் காட்டுவார். கோபித்துக் கொள்கிறவரிடம் பிள்ளையை விடாதீர்கள்.

சரியான ஆளின் கையெழுத்துக்கு வேறொரு மதிப்பும் உண்டு. 2013-ஆம் ஆண்டின் சிறப்புக் கல்வி விதிமுறைகளின்படி, ஒரு பிள்ளைக்குச் சிறப்புக் கல்வித் தேவை இருக்கிறது என்று உறுதி செய்யக் கூடியவர்களில் மருத்துவரோடு செவித்திறன் வல்லுநரும் ஒருவர். அந்த உறுதிச் சான்று இருந்தால்தான் சிறப்புப் பள்ளி, சாதாரணப் பள்ளியிலேயே உள்ள சிறப்பு வகுப்பு, மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கும் ஏற்பாடு ஆகிய கதவுகள் திறக்கும். 2019 முதல், குறையைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கையும் இருக்கிறது. கோயில் மண்டபத்தில் மணியடித்தவர் எழுதிக் கொடுத்த தாளை வைத்துக் கொண்டு எந்தக் கதவையும் தட்ட முடியாது.

காது அறவே கேளாத பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். அவர்களுக்குப் பேச்சு ஒன்றே வழி என்பதில்லை. 2008-ஆம் ஆண்டு உடற்குறையுடையோர் சட்டம், மலேசியச் சைகை மொழியைக் காது கேளாதோரின் அதிகாரத்துவ மொழியாக ஏற்றுக் கொண்டுள்ளது. கை அசைத்துப் பேசுவதை அவமானமாக எண்ணிப் பிள்ளையின் கையைத் தட்டிவிடும் தாத்தா பாட்டிகள் இதைக் கேட்டுக் கொண்டிருந்தால் நல்லது.

இனி, நம் குடும்பங்களைச் சேர்ந்த ஒரு கேள்வி. "வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்துங்கள், மலாய் மட்டும் பேசுங்கள், இரண்டு மொழி என்றால் பிள்ளை குழம்பிவிடும்" என்று பெற்றோருக்குச் சிலர் அறிவுரை சொல்கிறார்கள். சில ஆசிரியர்களும் சொல்கிறார்கள். இது தவறு. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் குறை வருவதில்லை என்பதே ஆய்வாளர்களின் முடிவு. தாய்க்கு எந்த மொழியில் கதை சொல்லவும் கொஞ்சவும் கண்டிக்கவும் வருமோ அந்த மொழியில்தான் பிள்ளைக்குப் பேச்சு ஊறும். முறையாகப் படித்த சிகிச்சையாளர், வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்பதைத்தான் முதலில் கேட்பார். தமிழ் மட்டுமே தெரிந்த பிள்ளையிடம் மலாய்ச் சொல்லைக் காட்டிப் பெயர் கேட்டு, தெரியவில்லை என்று மதிப்பெண் குறைப்பது சோதனை ஆகாது. தமிழ் தெரிந்த சிகிச்சையாளர் எல்லா மருத்துவமனைகளிலும் இருப்பதில்லை. இல்லாத இடத்தில், "நாங்கள் வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம், அவனுக்குத் தமிழில் இத்தனை சொல் வரும்" என்று தாய் தந்தையர் எடுத்துச் சொல்ல வேண்டும்.

மருத்துவமனைக்குப் போவதென்றால் ஒரு நாள் சம்பளம் போகும், வண்டிச் செலவு ஆகும், முறை வர வாரக் கணக்கில், சில இடங்களில் மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும். இவற்றையெல்லாம் அறிந்தேதான் பேசுகிறோம். பிறந்து ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது உலக அளவில் வல்லுநர்கள் வகுத்த கணக்கு. நம்மிடம் பிள்ளை ஏழு வயதில் முதலாம் ஆண்டுக்கு வந்த பிறகுதான் பேச்சே எழுகிறது. தாமதமாகிவிட்டது என்று விட்டுவிடவும் கூடாது; ஏழு வயதில் கண்டாலும் செய்யக் கூடியது நிறைய இருக்கிறது.

முதலில் பக்கத்து அரசாங்கக் கிளினிக்குக்குப் போய் 'சூராட் ருஜுக்கான்' எனப்படும் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். பேச்சு வரவில்லை என்று போனாலும் காதையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். போகும்போது குழந்தையின் கிளினிக் புத்தகத்தை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். பிறந்த எடை, மஞ்சள் காமாலை, போட்ட தடுப்பூசி எல்லாம் அதில் இருக்கும். பிள்ளை வீட்டில் சொல்லும் சொற்களை, அவன் சொல்கிறபடியே ஒரு தாளில் எழுதிக் கொள்ளுங்கள். அல்லது கைத்தொலைபேசியில் பதிவு செய்து கொள்ளுங்கள். புது இடத்தில் அவன் வாயைத் திறக்காமல் போகலாம். காதில் எண்ணெய் ஊற்றிக் கொண்டு போகாதீர்கள். வகுப்பில் பிள்ளை எப்படி இருக்கிறான் என்று ஆசிரியரின் குறிப்பு வேண்டுமென்றால் பள்ளிக்கு வந்து கேளுங்கள். மருத்துவமனையில் உள்ளவர்கள் படிக்கும்படி மலாய் மொழியிலேயே எழுதித் தருவோம்.